இரண்டாவது செவ்வாய்

ஆக்லாந்தில் செவ்வாய் மாலை ஆறு மணிக்கு ஏறினால்
சாந்தியாகோவில் அதே செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு இறங்கலாம்.
டிக்கெட் எடுத்த அன்று
லாபமாகத்தான் தெரிந்தது.
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே
பிதுங்கி நிற்கும் வட்டு
வேறு கணக்குப் போட்டது:
ஒரே செவ்வாயை இரண்டு தடவை வலிக்கலாம்.

பன்னிரண்டு வருடம் பஸ் ஓட்டியவள் நான்.
உட்கார்ந்தே சம்பாதித்த முதுகு இது.
உட்காரத்தான் வராது.

மலிவு டிக்கெட் எங்களை இரண்டாகப் பிரித்துப் போட்டது.
முன்னால் நானும் அம்பாரோவும்,
பின்னால் நிகானோரும் பையனும்.
சக்கரம் தரையை விடுமுன்னே நிகானோர் தூங்கிவிட்டான்.
அவன் தம்பிக்குத்தான் கல்யாணம், தூங்கலாம்.
லௌதாரோ பேசவில்லை.
பேசிப் பதினோரு நாளாயிற்று.
சனிக்கிழமை அரையிறுதி. ஐந்தாம் எண் சட்டையை
வேறு எவனோ போட்டுக்கொள்வான்.
ரக்பியா குடும்பமா என்று நான் கேட்டிருக்கக் கூடாது,
பதின்மூன்று வயதுக்காரனிடம்.

கோழியா பாஸ்தாவா என்றார்கள்.
நிற்க இடம் இருக்கா என்றேன்.

கழிப்பறையைத் தாண்டி, திரைக்குப் பின்னால்,
உட்கார முடியாதவர்களின் சங்கம் ஏற்கெனவே கூடியிருந்தது.
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் முரே,
"எத்தனை லட்சம் ஆட்டுக்குக் குனிந்தேனோ" என்றான்.
தெமூகோவில் பல் பிடுங்கும் ஒர்தென்சியா,
அவளும் குனிந்தவள்தான்.
ஊர், பேரெல்லாம் அப்புறம் கேட்டுக்கொண்டோம்.
"எந்தக் கால் மரத்துப்போகுது?" என்றுதான் ஆரம்பித்தோம்.
அலமாரிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவது எப்படி என்று
முரே செய்து காட்டினான்.
பணிப்பெண் எங்களைச் சுற்றிச் சுற்றித் தேநீர் எடுத்துப் போனாள்,
விருந்தாளி கிளம்பாத வீட்டுக்காரி மாதிரி.

அப்புறம் விமானம் குலுங்கியது.
பெல்ட் விளக்கு எரிந்தது.
சங்கம் கலைந்தது.

வந்து பார்த்தால் இரண்டு இருக்கையிலும் அம்பாரோ.
தலையைத் தூக்கி மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.
நாலு வயதுத் தலை. தூங்கினால் அம்மிக்கல்.
அசைந்தால் அவள் விழிப்பாள்.
அசையாவிட்டால் நான் சாவேன்.
திரையில் குட்டி விமானம்
நீலத்தில் ஒட்டவைத்ததுபோல் நின்றது.
தேதிக்கோடு தாண்டிவிட்டதாம்.
ஒன்றும் தெரியவில்லை. வலிக்குத் தேதி கிடையாது.

அப்போது முதுகில் ஒரு முட்டல்.
லௌதாரோவின் முழங்கால்.
மாதத்துக்கு மாதம் நீளும் முழங்கால்,
இந்த வகுப்பில் அதற்கு இடமே கிடையாது.
ஏறினதிலிருந்து மூன்று தடவை திட்டியாயிற்று.
நாலாவதுக்கு வாயைத் திறந்தேன்.
திறந்த வாய் அப்படியே நின்றது.

துணி, பஞ்சு, தகரம் எல்லாம் தாண்டி,
இரண்டு வருடமாக மூன்று டாக்டர்கள்
விரலால் தேடித் தவறவிட்ட அந்த இடத்தில்
சரியாக.

முழங்கால் விலகியது.
"சாரி."
பதினோரு நாளில் முதல் சொல்.
"எடுக்காதே" என்றேன்.
"கொஞ்சம் கீழே. இல்லை, இடது பக்கம். ஆ!
அங்கேதான். அழுத்து."
இருக்கை இடுக்கில் ஒரு கண் வந்து பார்த்தது.
"நிஜமாவா?"
"நிஜமா."
"ஸ்க்ரம்மில் தள்ளுற மாதிரியா?"
"அதில் பாதி."

தூங்கினானா என்று தெரியாது.
நடுவில் முழங்கால் மாற்றினான், அது தெரியும்.
வலதுக்கு இடதைவிட எலும்பு கூர்மை.
கிழக்கே போகிற விமானம், இரவு அவசரமாக முடிந்தது.
யாரோ ஜன்னலை ஏற்ற, வெளிச்சம் வந்து
அம்பாரோவின் எச்சில் கோட்டில் விழுந்தது.
நான் ஒரு மணி நேரம் தூங்கியிருந்தேன்,
முழுசாக ஒரு மணி நேரம்.

இறங்கும்போது நிகானோர் சோம்பல் முறித்தான்.
"எல்லாரும் நல்லாத் தூங்கினீங்களா?"
பையன் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு
முன்னால் போனான்,
இரண்டு காலும் நொண்டி.
இந்தக் காலோடு அரையிறுதி ஆடியிருக்க முடியாது
என்று சொல்ல வந்தது.
சொல்லவில்லை.

மணி மதியம் ஒன்று பத்து.
இன்னும் செவ்வாய்தான்.