ஒரு நூல்

அவினாசி ரோட்டுப் பனியன் கம்பெனியில் நான் செக்கிங்.
கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் டேப்பு.
நெஞ்சு, நீளம், கை, அடிமடிப்பு.
பையர் அனுப்பும் தாளில்
ஒவ்வொரு அளவுக்கும் எதிரே
அரை இஞ்சு கூடலாம், அரை இஞ்சு குறையலாம்
என்று போட்டிருக்கும்.
தண்ணீர் பட்டால் சுருங்கும், இஸ்திரியில் இழுபடும்,
துணி என்றால் அப்படித்தான் என்று
கடல் கடந்து இருப்பவனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஷிப்டு விட்டதும் அதே டேப்பை
பாத்ரூம் கதவைத் தாழிட்டு
என் இடுப்பில் சுற்றுவேன்.
நேற்றைக்கு இன்று ஒரு நூல் கூடியிருந்தால்
மத்தியானம் தின்ற நாலு வாய் அரிசிம்பருப்பு
தலை குனிந்து எதிரில் வந்து நிற்கும்.
அதில் நெய் விட்டது யார்?
நான்தான்.

டாக்டர் சொன்னது நியாயம்தான்.
சர்க்கரை வாசப்படியில நிக்குதுங்க,
கொஞ்சம் எடையக் குறைங்க.
கொஞ்சத்துக்கு அவர் அளவு எழுதித் தரவில்லை.
சோற்றை நிறுத்தினேன். பிறகு தோசையை.
பிறகு தேங்காயை.
தேங்காய் இல்லாமல் என்ன குழம்பு என்று
மாமியார் கரண்டியை வைத்துவிட்டுப் போனார்.

ஆடி பிறப்பதற்குள் தையல் லைன் முழுக்க
"ஏனுங்க்கா, இப்படி எளச்சுப் போயிட்டீங்க,
என்ன பண்றீங்க, எங்களுக்கும் சொல்லுங்க."
கேட்கக் கேட்க வயிறு நிறைந்தது.
வெந்தயம், சீரகத் தண்ணீர் என்று ஏதோ சொன்னேன்.
சீப்போடு வரும் முடியைச் சொல்லவில்லை.
மூன்று மாதமாய் வராததைச் சொல்லவில்லை.
ராத்திரி ரெண்டு மணிக்கு
லைட்டுப் போடாமல், பிரிட்ஜ் வெளிச்சத்தில்,
நின்றபடியே,
பையனுக்கு வாங்கி வைத்த தேங்காய் பன்னை
ருசி தெரிவதற்குள் முடித்து,
காகிதத்தை எட்டாய் மடித்து
மறுநாள் கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள்
புதைத்ததையும்.
அன்றைக்கு முழுக்க வெந்நீர்தான்.
தீர்ப்பை நானே எழுதி நானே கையெழுத்தும் போட்டேன்.

மாரியம்மன் நோம்பிக்குக் காங்கயம் போனோம்.
கெடா விருந்து. இலையில் கறி விழ விழ
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பக்கத்து இலையில் நாத்தனார் கோகிலாமணி
நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிவிட்டு
கண்ணை மூடித் திறந்தாள்.
அவ்வளவுதான் செய்தாள்.
எனக்கு அவள்மேல் ஆத்திரமாய் வந்தது.
இத்தனை லேசாக ஒருத்தி எப்படித் தின்னலாம்?

புரட்டாசியில் ஒருநாள்
இன்சார்ஜ் ஒரு பண்டலைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.
"நாப்பத்திரண்டு பீஸும் ரிஜெக்ட்டுங்கறீங்க.
என்னங்க குறை?"
நெஞ்சு கூட இருக்குதுங்க.
"எவ்வளவு?"
ஒரு நூல்.
அவர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.
"அரை இஞ்சு வரைக்கும் பாஸ்தானுங்களே.
நல்ல சட்டைய எதுக்குங்க பிரிக்கச் சொல்றீங்க?"

மூன்று வயதுப் பிள்ளை போடும் சட்டை அது.
நெஞ்சில் ஒரு யானை.
கையில் வைத்துக்கொண்டே
மெஷின் சத்தத்துக்குள் அழுதேன்.

பக்கத்து மேஜை ருக்காத்தாள் ஒன்றும் கேட்கவில்லை.
டீ டைமில் முட்டை பப்ஸை இரண்டாய்ப் பிட்டு
பாதியை என் பக்கம் நகர்த்திவிட்டு
பஸ் பாஸைத் தொலைத்த கதையைச்
சொல்லிக்கொண்டே இருந்தாள்.
தின்றேன்.
உதிர்ந்த பொருக்கையும் விரலால் ஒற்றித் தின்றேன்.
அன்று ராத்திரி தூங்கவில்லை, அது வேறு.

அடுத்த தடவை டாக்டரிடம்
முடியைச் சொன்னேன். பன்னையும் சொன்னேன்.
அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

நேற்று பசித்தது, பத்தரை மணிக்கு.
லைட்டைப் போட்டேன்.
தட்டு எடுத்தேன். உட்கார்ந்தேன்.
தயிர்ச்சோறு, மாங்காய் ஊறுகாய்.
டேப்பைக் கம்பெனி ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்திருந்தேன்.
வலது கை பிசைந்துகொண்டிருக்க
இடது கை மட்டும் ஒருமுறை
கழுத்தைத் தடவிப் பார்த்தது.