முப்பத்தெட்டு வரை

படிவத்தில் எனக்கென்று விட்டிருந்த இடம்
என் உள்ளங்கை அகலம்.
நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதச் சொன்னார்கள்.
கண்டது இருட்டு.
கேட்டது, சத்தம் நின்றுபோனதை.

ஆர்விட்டுக்கு இதில் ஒன்றும் தெரியாது.
மனு அவனுடையது, கையெழுத்து அவனுடையது,
நடந்ததெல்லாம் அவன் இல்லாத நேரத்தில்.

ராணுவத்திலிருந்து அவன் மருத்துவக் கோப்பு வந்தது,
நாற்பத்தாறு பக்கம்.
பிடுங்கிய ஒரு பல். லாரிக் கதவில் நசுங்கிய கட்டைவிரல்.
குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிந்த மாதம்
ஒரு இருமல், ஒரு பாட்டில் மருந்து.
உறக்கத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.
இருபத்திரண்டு வயதில் எவன் போய்ச் சொல்வான்
ராத்திரியெல்லாம் செத்துச் செத்துப் பிழைக்கிறேன் டாக்டர் என்று?

கூடாரத்தில் பக்கத்துக் கட்டில்காரன் ஓட்டிஸ் ஃபாண்டெனோ
லூசியானாவில் படகு பழுதுபார்க்கிறான்.
போனில் முதலில் சிரித்தான்.
பிறகு கோடு போட்ட தாளில் எழுதி அனுப்பினான்:
"அவன்மேல் என் பூட்ஸைக் கழற்றி எறிவேன், பன்னிரண்டாம் அளவு.
குறட்டைக்காக இல்லை.
குறட்டை நின்றதற்காக."
அந்தப் பூட்ஸ் இப்போது இணைப்பு மூன்று.

ஆய்வுக்கூடத்தில் தலை நிறைய வயர்களோடு படுத்தான்.
மணிக்கு நாற்பத்தொரு முறை.
விடியலில் பசையைத் துடைத்துக்கொண்டே
அந்த ஹ்மாங் பெண், மாய் யெர், என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"இத்தனை வருஷம் நீங்கள் தூங்கினீர்களா?"
அந்தக் கேள்விக்குப் படிவம் இல்லை.

டாக்டர் ஓயெலாரன் எழுதிய கடிதத்தில் உயிர் ஒரே வாக்கியம்:
பட்டாளத்தில் தொடங்கியிருக்காது என்பதற்கு எவ்வளவு சாத்தியமோ
தொடங்கியிருக்கும் என்பதற்கும் குறைந்தது அவ்வளவு சாத்தியம்.
தராசு சாய வேண்டாம்,
முள் நடுவில் நின்றால் போதும் என்றார்.

எல்லாம் அடுக்கிக் கட்டிய பிறகுதான்
உதவி அலுவலகத்து மனிதர் விரலை வைத்தார்:
அவர் பட்டாளத்தை விட்டது தொண்ணூற்றிரண்டில்,
நீங்கள் மணந்தது தொண்ணூற்றைந்தில்.
நடுவில் மூன்று வருஷம் யார் கேட்டார்கள்?

யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.
பெயர் ரோன்யா. ஏரிக்கு அந்தக் கரையில், சுப்பீரியரில் இருக்கிறாள்.
முப்பது வருஷமாகக் கடையில் பார்த்தால்
பால் வரிசையிலிருந்து ரொட்டி வரிசைக்கு மாறிவிடுவேன்.

பாலம் தாண்டிப் போனேன். பனி சேறாகியிருந்தது.
அவள் காப்பி ஊற்றினாள், சர்க்கரை கேட்கவில்லை.
விஷயத்தைச் சொன்னேன்.
வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"நீ எத்தனை வரை எண்ணுவாய்?" என்றாள்.

"இருபது. அப்புறம் தோளை உலுக்குவேன்."
"நான் பதினைந்து. எனக்குத் தைரியம் போதாது."

இரும்புத்தாதுக் கப்பல் ஒன்று ஊதிக்கொண்டு உள்ளே வந்தது.
பேனாவை எடுத்து அவள் எழுதினாள்,
தேதி, முகவரி, மாடி அறை, இடதுபக்கம்.
என்னைவிடக் கையெழுத்து அழகு.

அவளிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது.
ஒரு பிப்ரவரி, வீட்டுக் கடன் விஷயமாகப் பெரிய சண்டை.
அன்று இருபது வந்தது,
கை அவன் தோளுக்கு ஓரங்குலம் மேலே நின்றது,
இருபத்தொன்று, இருபத்திரண்டு,
முப்பத்தெட்டில் அவனே வாய்பிளந்து காற்றை இழுத்தான்.
நேரில் கண்டது, கேட்டது.
எழுதவில்லை.

பதிவுத் தபால் ரசீது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.
பதில் வர ஆறு மாதம் ஆகலாம்.
அதுவரை முகமூடிக்குள் சீராக ஓடுகிறது காற்று,
மீன்தொட்டி மோட்டார் மாதிரி.
சத்தமும் இல்லை, நிற்பதும் இல்லை.
விழித்துக் கிடக்கிறேன்.
பதினெட்டு, பத்தொன்பது,
கை தானாகப் போகிறது.