பிரேக்

வால்பராய்சோவில், நேர்க்குத்தான குன்றொன்றில்
விஞ்ச் ஓட்டுவது என் வேலை.
விடியும் முன்னே
ஆளில்லாத பெட்டியைக் கீழே இறக்கி
பாதி வழியில் பிரேக் போட்டுப் பார்ப்பேன்.
நின்றால்தான் சனங்களுக்குக் கதவு.

நேற்று ராத்திரி நிபால்டோவின் கை
என் இடுப்பில் இருந்தது. நான் அழைத்த கைதான்.
பயம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை.
இருந்தும் சொன்னேன்:
நிறுத்து.

பதினோரு வருடத்துக்கு முன், வேறொரு அறையில்
இதே சொல்லை எத்தனை தரம் சொன்னாய் என்று
கோர்ட்டில் கேட்டார்கள்.
எண்ணவா தோன்றும் அப்போது?

கை நின்றது.
ஏன் என்று கேட்கவில்லை அவன்.
முகம் கோணவில்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை.
எழுந்து போய் கெட்டிலை வைத்தான்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
சர்க்கரை ஒன்றா இரண்டா என்றான்
அடுக்களையிலிருந்து,
நாலு வருடமாய்க் கலக்கிக் கொடுப்பவன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
உடம்பு மெல்லத்தான் நம்பும், யாஸ்னா,
விரட்டாதே என்பார் டாக்டர் ஓலாயா.
போர்வைக்குள் கால்விரல் வரைக்கும் சிரித்தேன்.

தேநீர் ஆறி ஆடை கட்டியது.
அப்புறம் "வா" என்றதும் நான்தான்.
அந்தச் சொல்லும் வேலை செய்தது.

காலையில் பெட்டி சரியாக நின்றது.
கீழே எட்டுப் பேர், ஒரு சைக்கிள்,
கடிகாரத்தைக் காட்டிக் கத்தும் பள்ளிக்கூடப் பையன்.
இன்னொரு தரம் இறக்கி, நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான்
கதவைத் திறந்தேன்.