முப்பத்திரண்டு மில்லிமீட்டர்

பதினோரு வருடமாக கெண்ட் நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
டிராமில் ஸ்டியரிங் கிடையாது என்றால்
ஒருவரும் நம்புவதில்லை.
வேகத்துக்கு ஒரு பிடி, மணிக்கு ஒரு பொத்தான்,
மற்றதெல்லாம் தண்டவாளத்தின் இஷ்டம்.

நாற்பத்தாறு வயதில்
எதையாவது நானே திருப்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது.
ரோடு பைக் வாங்கப் போகிறேன் என்றேன்.
பணிமனையில் காபி சிந்தச் சிந்தச் சிரித்தார்கள்.
கையில் எண்ணூறு யூரோ.
பாய்லர் படுத்தால் அதுவும் இல்லை.

பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால்
கறுப்பாய் ஒன்று, ஒற்றை விரலால் தூக்கலாம்.
விலைச்சீட்டைப் படித்துவிட்டு
விரலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
என் கார் அதில் பாதி விலை;
காரில் ஹீட்டரும் உண்டு.

லோக்கரனில் ஃபாப்ரீஸ் என்பவர்
"இரண்டே கோடை பார்த்த வண்டி" என்று
பழைய கார்பன் சைக்கிளொன்றை அறுநூறுக்குக் காட்டினார்.
சட்டம் முழுக்க நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன்.
டக். டக். டக்.
ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும்
நனைந்த அட்டைப்பெட்டியின் குரல்.
அவர் அவசரமாக வானிலை பேசினார்.
நானும் பேசினேன்,
ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது.

கடைசியில் ப்ரூக்ஸே போர்ட்டில், சலவைக் கடைக்குப் பக்கத்தில்,
ஐசெல்லின் பட்டறை.
"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?"
"தெரியாது."
"மேடு ஏறுவீர்களா?"
"மேம்பாலம்."
அதையும் எழுதிக்கொண்டாள்.
சுவரோடு நிறுத்தி என் காலை அளந்தாள்:
எழுபத்தெட்டு சென்டிமீட்டர்.
இத்தனை வருடம் நின்ற கால்,
நீளம் எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டு வண்டி வைத்தாள்.
சிவப்பு, போன வருடத்து மாடல், எழுநூற்று நாற்பது.
எடை குறைவு, பார்க்க ஒரு திமிர்.
டயர் இருபத்தைந்துக்கு மேல் நுழையாது.
இன்னொன்று கால்வாய்த் தண்ணீர் நிறம், எழுநூற்றுத் தொண்ணூறு.
அலுமினியம், பின்னால் எட்டே கியர்,
பதினோரு கிலோவை ஒட்டிய உடம்பு,
டயர் முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.
முன்கவையின் அடியில் இரண்டு சின்னத் துளைகள்.
"மட்கார்டு மாட்ட."
"ரோடு பைக்குக்கு மட்கார்டா?"
"எந்த ஊரில் ஓட்டப்போகிறீர்கள்?"
ஜன்னலுக்கு வெளியே ஊர்
சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது.

ஆனால் என் கணக்கு மழையில் இல்லை.
என் முன்கண்ணாடிக்கு நேரே விழுந்தவர்களை
எண்ணுவதை ஏழோடு நிறுத்தியவள் நான்.
சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கி நின்றுவிடும்,
ஆள் மட்டும் பயணத்தைத் தொடர்வார்.
கோட்டு போட்ட ஒரு மாப்பிள்ளை.
செல்லோவைச் சுமந்த ஒரு மாணவன்.
ஒரு பெண், சிதறிய வெங்காயத்தையெல்லாம் பொறுக்கிவிட்டு
ஜன்னலருகே வந்து
என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.
என்னிடம்.

கேட்டேன்:
"முப்பத்திரண்டு அந்தப் பள்ளத்தில் விழாதுதானே?"
விழாது என்று சொல்லியிருக்கலாம்.
பணப்பை என் கையில் திறந்தேதான் இருந்தது.
"விழும்" என்றாள் ஐசெல்,
துணியில் கிரீஸைத் துடைத்தபடி.
"அகலம் காப்பாற்றாது. குறுக்கே வெட்டிப் போங்கள்."

அந்த ஒரு 'விழும்' என்ற சொல்லுக்குத்தான்
எழுநூற்றுத் தொண்ணூறு கொடுத்தேன்.
மட்கார்டு தனியாக முப்பது.
இருபது யூரோ கடன்,
ஒரு வாரம் மதியம் ரொட்டியும் சீஸும்.

ஞாயிறு காலை, கோரன்மார்க்ட்.
முதல் தடவையாக என் தண்டவாளத்தை
பக்கவாட்டில் பார்க்கிறேன்.
இவ்வளவு ஒல்லியா!
இதுவா என்னைப் பதினோரு வருடம் இழுத்துப் போனது?
கைப்பிடியை ஒடித்துத் திருப்பினேன்,
தடக், தடக்.
அப்புறம் வழுவழுப்பான ஈரக்கல்.

பின்னாலிருந்து மணி.
முதல் லைனில் கோட்ஃப்ரீட்,
விதிமுறைக்கு மிஞ்சிய நீளத்துக்கு அடிக்கிறான்.
கையசைக்க ஆசைதான்.
ஒரு கையை விட
இன்னும் பழகவில்லை.