இணைப்பு 4

நாடாளுமன்றக் குழு வருகிறதென்று
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
சாய்தளத்துக்கு ராத்திரியே மஞ்சள் அடித்தார்கள்.
விடிய விடியச் சாரல். காயவில்லை.

குறிப்பெடுப்பது என் வேலை.
கேள்வி ஏழு:
செயற்கைக் கால் பெற்றோர் எத்தனை பேர்?
கேள்வி பதினெட்டு:
மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்கிறார்களா?
தனித்தனிக் கோப்பு. தனித்தனி அதிகாரி.

பின்வரிசையில் குறும்பனை மெர்ஸிலெட்.
நடக்கிற கால் கொடுத்தது சுகாதாரம்.
ஓடுகிற கால் கேட்டாள்.
அது விளையாட்டு என்றது சுகாதாரம்;
கால் என்றாலே சுகாதாரம்தானே என்றது விளையாட்டு.
மூன்று வருஷமாக அவள் மனு
இரண்டு மேசைக்கும் நடுவே நொண்டி ஆடுகிறது.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது"
என்றார் இணை இயக்குநர்.

"எனக்க காலுக்க தகவலா சார்?
இன்னா இருக்கு."
பட்டையை அவிழ்த்து
மேசைமேல் வைத்தாள்,
ரசவடைத் தட்டுக்குப் பக்கத்தில்.
பெருவிரல் பக்கம் ரப்பர் தேய்ந்து
உள்ளே கட்டை தெரிந்தது.
நடக்கிற காலோடு
ஸ்டேடியத்தில் ஓடி ஓடித் தேய்த்தது.

தலைவர் தண்ணீர் கிளாசை நகர்த்தினார்.
ஒரு உறுப்பினர் மட்டும் தூக்கிப் பார்த்தார்.
"இவ்வளவு கனமா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
கேள்விப் பட்டியலில் அது இல்லை.

என்ன எழுத?
'பொருள் ஒன்று வைக்கப்பட்டது' என்று எழுதி
அடித்தேன்.
'கால்' என்று எழுதினேன்.
இணைப்பு 4 என்று எண்ணும் போட்டேன்.

முடிந்ததும்
வருகைப் பதிவேட்டை அவளிடமும் நீட்டினேன்.
பெயர் எழுதினாள்.
'துறை' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு,
நூறு மீட்டர்.