நாலு விரல் மடிப்பு

தனிஸ்லாஸ் சார் கொடுத்தனுப்பிய சீட்டில் ஒன்பது வரி.
சாம்பல் சட்டை, கருநீலப் பேண்ட், தொப்பி,
கழுத்துத் துண்டு, அதைச் செருகும் வளையம்,
சாரணர் பக்கிள் போட்ட பெல்ட்டு,
கருப்பு சாக்ஸ், விசில்,
பதினைந்து அடிக் கயிறு.
கயிறு வீட்டிலேயே இருந்தது.
மற்ற எட்டுக்கும் சீட்டுப் பணம் எடுத்தேன்.

லாரன்ஸ் ரோட்டில் ஜூன் மாசக் கூட்டம்.
"வயசு பன்னெண்டா? முப்பது போதும்" என்றார் கடைக்காரர்.
நான் முப்பத்தி நாலு கேட்டேன்.
பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் ஏணியில் ஏறினார்.
அவருக்குத் தெரியும்,
கடலூரில் எந்த அம்மாவும்
இன்றைக்கு நிற்கிற பிள்ளைக்குத் துணி எடுப்பதில்லை.

கண்ணாடி முன்னால் சட்டை நின்றது.
அதற்குள் எங்கேயோ பரிதி இருந்தான்.
தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழி இறங்கியிருந்தது.
"அம்மா, இது அந்தப் பையனோடது."
"எந்தப் பையன்டா?"
"இன்னும் வரல."

மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருக்கும்
ஜக்கரியா பாயிடம் சொன்னேன்,
"வெட்டாதீங்க, மடிச்சு மட்டும் அடிங்க."
நாலு விரல் வைத்துக் காட்டினேன்.
"நெருக்கித் தைக்கலம்மா,
பிரிக்கிற அன்னைக்கு என்னைத் திட்டக் கூடாது பாரு."

எனக்கும் சீருடை உண்டு.
இம்பீரியல் ரோட்டு பெட்ரோல் பங்க்கில் ஒன்பது வருசம்,
ஒரே அளவு.
எனக்கு முந்தி நின்றவளின் பெயர்தான்
இன்னும் என் நெஞ்சில் குத்தியிருக்கிறது: விமலா.
மாற்றித் தரக் கேட்டுக் கேட்டு
இப்போது கூப்பிட்டால் திரும்பிவிடுகிறேன்.
"ஜீரோ பாத்துக்குங்க சார்",
ஒரு ஷிப்டுக்கு இருநூறு தடவை.
எண்கள் ஓடும், நிற்கும்,
அடுத்த வண்டிக்கு மறுபடி ஜீரோ.
வீட்டில் கதவு நிலையில் பென்சிலால் கீறி வைத்தேனே,
அது மட்டும் ஜீரோவுக்கு வருவதில்லை.

அக்டோபரில் ஒரு விரல் பிரித்தேன்.
புயல் விடுமுறை முடிந்து பார்த்தால்
இன்னும் இரண்டு.
எங்கள் தெரு உப்புத் தண்ணீரில்
பேண்ட் வெளுத்துக்கொண்டே வந்தது.
மடிப்புக்குள் இருந்தது மட்டும் கடையில் பார்த்த நீலம்.
காலடியில் கருப்பாய்ப் பட்டை பட்டையாக,
எத்தனை தடவை பிரித்தோம் என்று
ஊரே எண்ணிக்கொள்ளலாம்.
பொங்கலுக்கு மறுநாள் கடைசி விரலும் தீர்ந்தது.

ஜனவரி இருபத்தாறு எனக்குக் காலை டியூட்டி.
பள்ளியிலிருந்து மைதானத்துக்கு அவர்கள்
பங்க் வழியாகத்தான் போனார்கள்.
மூன்றாவது வரிசை, ஓரம்.
பெல்ட்டை இடுப்புக்குக் கீழே தள்ளியிருந்தான்
பேண்ட் எட்டட்டும் என்று.
எட்டவில்லை. ஷூவுக்கு மேலே இரண்டு விரல் சாக்ஸ்.
ஆனால் சட்டை,
தோள் தையல் தோளிலேயே உட்கார்ந்திருந்தது.
ஓர் இழை கூட மிச்சமில்லை.
அந்தப் பையன் வந்துவிட்டான்.

வரிசையில் திரும்பிப் பார்க்கக் கூடாது.
அவன் பார்க்கவில்லை.

"அக்கா, ஜீரோ காட்டவே இல்லியே?"
ஸ்கூட்டிக்காரர் கத்தினார்.
டேங்க் வழிந்து என் செருப்பு நனைந்திருந்தது.
நாற்பத்திரண்டு ரூபாய், என் கணக்கில்.

மார்ச்சில் முகாம். முழு அளவு பேண்ட் கட்டாயம்.
மறுபடி லாரன்ஸ் ரோடு.
இந்த முறை நான், எனக்கே தெரியவில்லை ஏன்,
"சரியா இருக்கறதே குடுங்க" என்றேன்.
கடைக்காரர் ஏணியில் வைத்த காலை எடுத்தார்.
"வேணாம்மா," என்றான் பரிதி,
"பெருசாவே எடு."

ஜக்கரியா பாய் எத்தனை விரல் என்றார்.
நான் கையை நீட்டுவதற்குள்
அவன் தன் கையை வைத்தான் துணிமேல்.
பாய் சாக்பீஸால் கோடு போட்டார்.
என் நாலு விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
கோடு கொஞ்சம் தள்ளி இருந்தது.