எண்ணெய்க் குப்பி

விரல் நீளம்கூட இல்லை.
பிர்ச் கட்டையில் ஒரு துளை, துளையில் வெள்ளீயத் திருகு.
டுலூத் இரும்புக்கடைக்கு
ஆணி வாங்கப் போன ஆர்டித் க்வாலே
ஆணியை மறந்து
இதை வாங்கி வந்தாள்.

மார்ச். கொல்லையில் இன்னும் முழங்கால் பனி.
கையுறை கழற்றித் திருகுகிறாள்.
கீச். கீச்கீச்.
ஸ்ப்ரூஸ் மரம் காது கொடுக்கவில்லை.
ரோசின் பொடி இன்னும் ஒரு சிட்டிகை.
கீ...ச்.

வந்தது ஓரின் ஸ்டென்பெர்க்.
வேலிக்கு அப்பாலிருந்து, வீட்டுச் செருப்போடு,
கையில் எண்ணெய்க் குப்பி.
"எந்தக் கதவு? காலையிலிருந்து கத்துகிறதே."

பனி தள்ளும் எந்திரத்துக்காக
நவம்பரில் போட்ட சண்டைக்குப் பிறகு
அவன் பேசும் முதல் பேச்சு.

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.
வாங்கித் திருகினான்,
தடித்த விரல்களால், படுமோசமாக.

கறுப்புக் குல்லாய்ச் சிக்கடீ ஒன்று
கிளையில் தலைகீழாய்த் தொங்கிற்று.
பிறகு மூன்று. பிறகு ஒரு மரங்கொத்தி.
அவர்களைப் பார்க்கவில்லை அவை;
புதருக்குள், பனிக்குள்,
எதையோ தேடின.

"கூப்பிடுகிற சத்தம் இல்லையாம் இது,"
என்றாள், அட்டையின் பின்பக்கத்தைப் படித்து.
"யாரோ எங்கோ மாட்டிக்கொண்ட சத்தமாம்.
அதற்குத்தான் வருமாம்."

ஓரின் குப்பியின் மூடியை இறுக்கினான்.
செருப்புக்குள் பனி.
போகவில்லை.